எங்களைப் பிரித்து விட்டவர்

சென்ற வியாழக்கிழமை காலை, கடையில் மல்லி மூட்டை இறக்க வந்த சுமட்டுக்காரர் வேலாயுதன் தலைச்சுமையோடு நின்றபடி, "மானேஜர் பிள்ளை போயி" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். அவர் மூட்டையை இறக்கிவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று. பலகைகளை எடுத்துக் கடையைப் பாதி அடைத்துவிட்டு வெளியே வந்தால், திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் அங்கங்கே பாதிப் பலகை. ஊருக்குப் புதிய கமிஷன் ஏஜெண்டு ஒருவர், எந்தப் பெரிய வியாபாரி தவறிவிட்டார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மானேஜர் சுப்பையா பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வெற்றிலைபாக்குக் கடைகூடக் கிடையாது.

அவர் ஒரு துணி மொத்த ஏஜென்சியில் மானேஜர். துணிக்குக் கண்ட்ரோல் இருந்த நாளில் அவர் மேஜைக்கு முன்னால் நிற்காத வியாபாரி இந்தத் தெருவில் இல்லை. நான் அப்போது துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நெடுமங்காடு வரை நடந்து விற்கிறவன். ஒரு நாள் சந்தடியில் முன்னால் புகுந்துவிட்டேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "வியாபாரம் தெரிஞ்ச ஆளுதான்வே நீரு. வரிசைதான் தெரியல்ல. பின்னால போயி நில்லும்" என்றார். எனக்கும் முன்னால் புகுந்திருந்த பெரிய கடைக்காரரின் ஆளையும் அதே மூச்சில் பின்னால் அனுப்பினார். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை.

பிறகு கண்ட்ரோலை எடுத்தார்கள். வியாபாரிகள் நேராக மில்லிலிருந்தே துணி வரவழைக்கத் தொடங்கினார்கள். ஏஜென்சியில் பெர்மிட் வேலைக்கென்று சேர்த்த குமாஸ்தாக்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி பிள்ளையை அழைத்தார். "ஆளுகளெ பிரிச்சு விடணும், பிள்ளே. நாலு பேர் மதி" என்று, ஆபீஸுக்கு நாலு பேர் போதும் என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டு, பொன்முடியில் தமக்கிருந்த தேயிலைத் தோட்டத்துக்குக் காரேறிப் போய்விட்டார். மாசம் முடியும்போது திரும்பி வருவார். அடுத்த மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்த டேனியல் இதைக் காதால் கேட்டவர்; எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

மலையாளத்தில் ஆளைப் பிரிச்சு விடுவது என்றால் வேலையை விட்டு நீக்குவது. நம் தமிழில் பிரித்து விடுவது வேறு. பிள்ளைகளுக்குப் பாகம் வைத்து, ஆளுக்கொரு இடத்தில் இருத்துவது. பிள்ளை நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டிக்காரர் என்றாலும் திருவனந்தபுரத்தில் தலை நரைத்தவர். மலையாளத்தில் கடிதமே எழுதுவார். ஆனாலும் முதலாளி சொன்னதைத் தமிழில்தான் காதில் வாங்கிக்கொண்டார்.

யாரை அனுப்பலாம் என்று யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? கடைசியாகச் சேர்ந்தவனை அனுப்பு என்றார்கள். கல்யாணமாகாதவனை, ஊரில் வயல் இருக்கிறவனை அனுப்பு என்றார்கள். நானும் என் பங்குக்கு, வேலையில் மந்தமானவனைத் தள்ளும் என்றேன். அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது: "தள்ளுறதுக்கு ஆள் தேடினா எல்லாவன் மேலயும் குத்தம் தெரியும்வே. ஆள் இல்லாத கடையைத் தேடினா, எல்லாவன்கிட்டயும் ஒரு கொணம் தெரியும்."

அந்த மாசம் பூராவும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு சாலைத் தெருவில் நடந்தார். எந்தக் கடையில் கடிதப் போக்குவரத்து தேங்கிக் கிடக்கிறது, எந்தக் கடை முதலாளிக்குக் கண் மங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போவார். அப்படித்தான் என் கடைக்கும் வந்தார். நான் அதற்குள் துணியை விட்டு மிளகாய், மல்லிக்கு மாறியிருந்தேன்.

"உமக்கு ஒரு ஆள் கொண்டாந்திருக்கேன். டேனியல்."

"டைப் அடிக்கிறவருக்கு இங்க என்ன சோலி, பிள்ளைவாள்? வத்தலையா டைப் அடிக்கச் சொல்ல?"

"ரயில்ல வார மூட்டை கிழிஞ்சு பாதியா வந்தா நீரு என்ன செய்யுதீரு?"

"ஏசுவேன்."

"யாரை?"

"ரயிலைத்தான்."

"நீரு தமிழ்ல ஏசுதீரு, அது ரயிலுக்குக் கேக்கல்ல. இவன் இங்கிலீஷ்ல டைப் அடிச்சு ஏசுவான். ரயில்வேக்காரன் நஷ்ட ஈடு தருவான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் பேரம் போயிற்று என்பது வியாபாரிக்குத் தெரியும். டேனியல் என் கடைக்கு வந்தார்; இன்றும் இருக்கிறார். அவர் ஏசியதற்கு ரயில்வே தந்ததைப் பார்த்தால், இழந்தது ஏஜென்சிதான், நான் இல்லை.

டேனியலுக்கு ஏஜென்சி வேலை முடிந்த செய்தியைப் பிள்ளை காலையில், ஆபீஸ் திறந்தவுடன், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னாராம். எல்லோருக்கும் காலையில்தான் சொன்னார். காரணம் கேட்டபோது, "சாயங்காலம் சொன்னா அவன் நேரா வீட்டுக்குத்தான் போவான், ராத்திரி பூரா பொண்டாட்டி முகத்தைப் பாக்கணும். காலையில சொன்னா புதுக் கடையைப் போயி பாத்துட்டு, வீட்டுக்கு ரெண்டு சேதியாக் கொண்டு போவான்" என்றார். எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. ஒருவருக்கு உப்பு மண்டியில் ஒத்துவரவில்லை, ஒரு வாரத்தில் திரும்பி வந்து நின்றார். பிள்ளை மறுபடியும் குடையை எடுத்தார்.

இதில் ஒரு கோளாறு இருந்தது. கடைக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டதெல்லாம் கெட்டிக்காரர்களை. யாரும் கேட்காதவர்கள்தான் ஆபீஸில் மிஞ்சினார்கள். காது கேளாத நாணு நாயர் அதில் ஒருவர். "நல்ல சரக்கை வித்துட்டு அடிபட்ட சரக்கைக் கையில வச்சிருக்கீரே" என்றேன். "வெளியே விலை போறவன் போகட்டும். போகாதவனை நான் எங்கவே கொண்டு விட?" என்றார்.

முதலாளி தோட்டத்திலிருந்து திரும்பி வந்து ஆபீஸைச் சுற்றிப் பார்த்தார். நாலு பேர்தான் இருந்தார்கள், கணக்குச் சரிதான். ஆனால் எந்த நாலு பேர் என்று பார்த்ததும் அவர் முகம் கறுத்ததாம். "பிரிச்சு விட்டோ?" என்று கேட்டார். "பிரிச்சு விட்டாச்சு முதலாளி. சாலை முழுக்கப் பிரிச்சு விட்டிருக்கேன்" என்று, யார் யார் எந்தக் கடையில் என்று பிள்ளை ஒப்பித்தார். இவருடைய வேலையும் இன்றோடு போயிற்று என்று நாணு நாயருக்கே தெரிந்திருந்தது. முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "இத்தற கொல்லமாயிட்டும் பிள்ளைக்கு மலையாளம் அறியில்லே?" என்றார், இத்தனை வருஷமாகியும் தெரியவில்லையா என்று.

"அறியும் முதலாளி. சில வாக்கு மட்டும் எனக்குத் தமிழாத்தான் காதுல விழுது."

வேலை போகவில்லை. ஆனால் அந்த வருஷ ஓணத்துக்கு ஆபீஸில் எல்லோருக்கும் கோடித்துணி கொடுத்த முதலாளி, பிள்ளைக்கு மட்டும் கொடுக்கவில்லை. துணிக் கம்பெனி மானேஜர் பழைய வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு திருவோணத்தன்று கோயிலுக்குப் போனார். நான் கேட்டதற்கு, "கோடி எப்ப வேணும்னாலும் வரும்வே" என்று சிரித்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் வலியசாலைக்குப் பக்கத்தில் அவர் குடியிருந்த வீட்டு முற்றத்தில் நல்ல கூட்டம். மொழிவாரியாக ராஜ்யத்தைப் பிரிக்கப் போகிறார்கள், நாஞ்சில் நாடு எந்தப் பக்கம் என்ற பேச்சு அங்கும் நடந்துகொண்டிருந்தது. இறந்தவர் மேல் கோடி போர்த்துவது உறவுமுறைக்காரர்கள் செய்வது. உறவினர்கள் போர்த்தி முடிந்ததும் டேனியல் கையில் புது வேட்டியோடு முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் பலசரக்குக் கடை, பாத்திரக் கடை, எண்ணெய்க் கடை என்று ஒவ்வொருவராக, ஒவ்வொரு வேட்டியோடு, வரிசையாக. பூதப்பாண்டியிலிருந்து வந்திருந்த பிள்ளையின் மைத்துனர் திகைத்துப்போய், "நீங்கள்லாம் அவருக்கு என்ன முறை?" என்று கேட்டார்.

"அவரு பிரிச்சு விட்டவங்க" என்றார் டேனியல்.

பக்கத்து வீட்டு மலையாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலையை விட்டு நீக்கியவருக்கா கோடி போடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். மைத்துனர் காதில் அது தமிழாக விழுந்தது. விலகி வழி விட்டார்.

இந்த வருஷம் மல்லி விலை இறங்கிக் கிடக்கிறது. என் கடையிலும் ஒரு ஆள் கூடுதல்தான். யாரை நிறுத்துவது என்று போன வாரம்வரை ஒவ்வொருவர் மேலும் குற்றம் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று முதல் மத்தியானச் சாப்பாடு ஆனதும் குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறேன். பிள்ளைவாளிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த நடைதான். இன்னும் கடை ஒன்றும் அகப்படவில்லை. நாளைக்கு அரிசிக்கடைப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.