புதன்கிழமை தீபாவளி

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு மேடையில் உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. பாதி கோபம் என் மேலேயே!

ஒரகடத்தில் ஒரு கல்யாண மண்டபம். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொள்ளும் குழந்தைகளின் குடும்பங்களுக்கு ஒரு தொழிற்சாலை பண்டிகைப் பரிசு கொடுக்கிறது, நீங்கள் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். நல்ல காரியம்தானே? போனேன்.

விழா பத்து மணிக்கு. பெரிய அதிகாரி வந்தது பன்னிரண்டுக்கு. அதுவரை அந்தக் குழந்தைகள் மாஸ்க்கோடு, தொப்பியோடு பிளாஸ்டிக் நாற்காலியில். கூட்டத்துக்குப் போகாதே என்று டாக்டர் சொல்லி அனுப்பிய குழந்தைகள்! கூட்டத்தின் நடுவில், காதைப் பிளக்கும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்...

அப்போதே எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு டீ வந்தது. குடித்தேன்.

முதல் பெயரை மைக்கில் வாசித்தார்கள். தர்ஷினி, இரண்டாம் வகுப்பு. கூடவே வியாதியின் பெயரையும் வாசித்தார்கள் — ஏதோ பட்டம் வாங்கியவள் மாதிரி. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். அதிகாரி ஸ்வீட் பாக்ஸை நீட்ட, விழாவை நடத்திய மேலாளர் குறுக்கே வந்தார்.

"பாப்பா, தொப்பியக் கழட்டும்மா. போட்டோல தெரியணும்ல?"

அம்மா கேட்டார்: "என்ன சார் தெரியணும்?"

மேலாளர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அம்மா விடவில்லை.

"மொட்டத் தல தெரிஞ்சாத்தான் ஸ்வீட் தருவியளோ? எம் பிள்ள வெளி ஸ்வீட்டே திங்கக் கூடாது சார். அதையாவது கேட்டியளா?"

பாக்ஸை மேஜை மேல் வைத்தார். மகளோடு இறங்கிப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் பிடித்தேன். பெயர் இசக்கியம்மாள். தென்காசிப் பக்கம். அதே தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் வேலை. குடும்பத்தோடு சுங்குவார்சத்திரத்தில் வாடகை வீடு.

"வர இஷ்டமே இல்ல சார். கண்டிப்பா வரணும்னு லைன்ல சொல்லிட்டாவ. தீபாவளியன்னைக்கு இவ ஆஸ்பத்திரில இருப்பா. மறு வாரம் புதன்கிழமைதான் வீட்டுக்கு விடுவாவ. அன்னைக்குத்தான் எங்களுக்குத் தீபாவளி. ஒரே ஒரு நாள் லீவு கேட்டேன். 'தீபாவளி முடிஞ்சப்புறம் எதுக்கும்மா தீபாவளி லீவு'ன்னு கேக்காரு சூப்பர்வைசர்!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உள்ளே போய் மேலாளரிடம் கேட்டேன்.

"சார், லீவு வேற டிபார்ட்மென்ட். நாங்க சிஎஸ்ஆர், சமூக சேவைப் பிரிவு" என்றார்.

எப்படி இருக்கிறது கதை? மண்டபம் பிடிக்க முடிகிறது, மேளம் வைக்க முடிகிறது, பேனர் அடிக்க முடிகிறது. ஒரு தாய்க்கு ஒரு நாள் கொடுக்க முடியவில்லை! அங்கே நான் பேச மறுத்துவிட்டுக் கிளம்பினேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரம் தாமதமான வீரம்.

அடுத்த வாரம் இசக்கியம்மாளுக்குப் போன் செய்தேன். லீவு கிடைக்கவில்லை. ஆனால் ஆள் கிடைத்துவிட்டார்.

லைனில் பக்கத்தில் நிற்கும் தேவகி. இருங்காட்டுக்கோட்டைக்காரர். புதன்கிழமை அவருக்கு வார விடுமுறை. அன்றைக்கு இசக்கியம்மாளின் ஷிஃப்ட்டைத் தான் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். ஆள் நின்றால் போதும் என்று சூப்பர்வைசரும் விட்டுவிட்டார். தேவகியிடமும் பேசினேன்.

"இதுல இன்னா சார் கீது? வூட்ல குந்திகினு டிவி பாக்கப்போறேன். அதுக்கு லைன்ல நின்னுட்டுப் போறேன். புள்ள நல்லா இருக்கட்டும்."

புதன்கிழமை காலை சுங்குவார்சத்திரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளே போகவில்லை, மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலோடு நின்றேன். ஒரே வரிசையில் எட்டு வீடுகள். எட்டு வாசலிலும் பெரிய கோலம். எட்டு வீட்டுக்காரர்களும் போன வாரம் கட்டிய புதுத் துணியைத் துவைத்து மறுபடியும் உடுத்தியிருந்தார்கள்! புகை ஆகாது என்று யாரும் ஒரு மத்தாப்புக்கூடக் கொளுத்தவில்லை. யார் சொன்னது என்று விசாரித்தேன். யாரும் சொல்லவில்லையாம்.

உள்ளே இசக்கியம்மாள் மகளின் உச்சியில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் வைத்துத் தடவினார். "கூசுதும்மா..." என்று அந்தக் குழந்தை நெளிந்து நெளிந்து சிரித்தது. அடுப்பில் அப்போதுதான் சுட்ட அதிரசம். அப்பா ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த பண்டிகைக்கும் மண்டபங்கள் புக் ஆகும். ஆகட்டும். அதற்கு முன்னால் அந்தக் குடும்பங்களிடம் என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள், ஐயா.

கேட்ட பிறகு — மைக்கை அணைத்துவிட்டுக் கொடுங்கள்.