ஏழரை மதிப்பெண்

எட்டு நோயாளிகளுக்கும் ஊசி ஏற்றி, குழாய்களைக் கையோடு சேர்த்து ஒட்டி, எட்டுத் திரைகளையும் ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் மைகுவாலிதா சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுப்பாள். எவரிஸ்தோவின் சாய்வு நாற்காலி அருகே முக்காலியை இழுத்துப் போட்டு, தாளைக் கண்ணுக்கு நேரே நிமிர்த்திக்கொள்வாள். அவர் ஊசி குத்தாத வலது கையால் பழைய கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, லாரிக்கு வழி விடுவதுபோல், "ஓடு!" என்பார்.

இருபது நிமிடம். அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி: ஒரு பக்கக் கட்டுரை, பதின்மூன்று கேள்விகள். அடிக்கோடிட்ட ஆங்கிலச் சொல்லுக்கு அந்த இடத்தில் என்ன பொருள் என்று சொல்ல வேண்டும். திங்கள், புதன், வெள்ளி, தவறாமல்.

மெரிதா நகரத்து டயாலிசிஸ் பிரிவில் இருபத்திரண்டு வருடங்களாக நர்ஸ். வயது ஐம்பத்து மூன்று. மலைக்குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு ஸ்வெட்டர். படிக்கும்போது பேனா மூடியைக் கடிப்பாள். கடித்துக் கடித்து அது சூயிங்கம்போல் ஆகியிருக்கும். வெள்ளைத்தாள் கிடைப்பது அரிது என்பதால் பாடங்களைக் கைப்பேசியில் பார்த்து, பழைய ரசீது, ஆய்வக அறிக்கை, எது கிடைத்தாலும் அதன் முதுகில் எறும்பு வரிசையாய் எழுதிக்கொண்டு வருவாள்.

"தெரியாத வார்த்தையையே முறைச்சுப் பாத்தா அது வாயத் திறக்காது," என்று தனக்குத்தானே விளக்கம் வேறு. "அக்கம்பக்கத்துல யார் உக்காந்திருக்காங்கன்னு பாக்கணும். அவங்க சொல்லிக்கொடுத்துடுவாங்க."

அடுத்த நாற்காலியில் பேருந்து நிறுத்தத்தில் பலகாரம் விற்கும் எர்மெலிந்தா. கண் மூடியிருப்பாள், காது மூடாது. "இந்தப் பரீட்சைய நான் எழுதியிருந்தா இந்நேரம் அயர்லாந்துல ஆடு மேய்ச்சிட்டிருப்பேன். இவளுக்கு இன்னும் அரை மார்க் வரல!"

மைகுவாலிதாவும் சிரிப்பாள்.

அயர்லாந்தில் இருப்பது மகன் வில்மர். பேத்திக்கு ஒரு வயதாகிறது. இங்கே அவள் குடியிருக்கும் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். ஒன்பது வீட்டுக்காரர்கள் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். அதில் ஐந்து பேர் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீடாகத் திறப்பாள். துரு பிடிக்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிடுவாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். பிறகு யாரோ ஒருவருடைய கூடத்தில், போர்வை போர்த்திய சோபாவில் உட்கார்ந்து, திமிங்கிலத்தைப் பற்றியோ பனிமலையைப் பற்றியோ சத்தமாக ஆங்கிலத்தில் வாசிப்பாள். அந்த வீட்டில் வாரத்துக்கு ஒருநாள் கேட்கும் மனிதக் குரல் அதுதான். சில வாரம் அவளும் அன்றுதான் தன் குரலை வீட்டில் கேட்கிறாள்.

மாலையில் வில்மர் கூப்பிடுவான். "என்னம்மா, ரிசல்ட் என்னாச்சு?"

"படிக்கிற பகுதியில அரை மார்க்கு இடிக்குதுப்பா. பாக்கலாம்."

அது பொய். தேர்வு முடிவு வந்து இருபது மாதங்கள் ஆகின்றன. அயர்லாந்து கேட்டது ஏழு, அவள் வாங்கியது ஏழரை. அன்று காலை அதை அச்செடுத்து, எல்லோருக்கும் காட்டத்தான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துவந்தாள். வாயைத் திறக்குமுன் கூட வேலை பார்த்த நில்சா அவளைக் கட்டிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை சிலிக்குக் கிளம்பறேன்க்கா," என்று அழுதாள். எட்டு எந்திரத்துக்கு இனி இரண்டே பேர். அன்று மதியமே மின்சாரமும் போனது. எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றித்தான் வெளியே நிற்கும் இரத்தத்தை உடம்புக்குத் திருப்ப வேண்டும். ஒன்றைச் சுற்றி முடித்து அடுத்ததற்கு ஓடி, மணிக்கட்டு வீங்கி உட்கார்ந்தபோது எவரிஸ்தோ கேட்டார்: "உன் ரிசல்ட் வரலியா மகளே?"

"வந்துச்சு ஐயா. அரை மார்க்குல போச்சு."

"அரைதானே? விடு, நாம பாத்துக்கலாம்."

அந்த 'நாம'வில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். அடுத்த முறை அவர் கடிகாரத்தோடு வந்தார்.

தேர்வு முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். நான்கு மாதம் மிச்சம் இருந்தபோது, ஒரு புதன்கிழமை, அவள் கொண்டுவந்த கட்டுரை புயலில் சிக்கிய ஒரு கப்பலைப் பற்றியது. கேள்வி 'ஸ்பேர்' என்ற சொல்லுக்கு. "கூடுதலா இருக்கிறதுன்னும் சொல்லலாம் ஐயா, ஒல்லின்னும் சொல்லலாம். ஆனா இங்க கேப்டன், ஒரு ஆளைக்கூட என்னால விட்டுத்தர முடியாதுங்கறான்," என்று கடைசி நாற்காலிவரை கேட்க விளக்கிவிட்டு, தெரிந்தே பேனாவால் 'ஒல்லி'க்கு நேரே குறி போட்டாள்.

இருபது நிமிடம் கடந்தது. எவரிஸ்தோ நிறுத்தச் சொல்லவில்லை. அவர் பார்வை தாளின் முதுகில் இருந்தது.

"இந்தப் படத்துல இருக்கிறது நீதானே?"

அவள் தாளைத் திருப்பினாள். முந்தின இரவு மேசை இழுப்பறையில் கைக்கு வந்த தாளை எடுத்து எழுதியிருந்தாள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது," என்றார் அவர். "ஆனா அக்கம்பக்கம் பாக்க நீதான் சொல்லிக்கொடுத்த. உன் பேரு, உன் போட்டோ, இருபது மாசத்துக்கு முந்தின தேதி, ஏழரை. அவங்க ஏழுதானே கேட்டாங்க?"

பக்கத்து நாற்காலியில் எர்மெலிந்தா கண்ணைத் திறந்தாள்.

"எங்களுக்காகன்னு மட்டும் சொல்லிடாத மகளே. முப்பது வருஷம் உருளைக்கிழங்கு மூட்டை ஏத்தினவன் நான். எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியும். இதை என்னால தூக்க முடியாது."

"முதல் நாள் உங்களுக்காகத்தான்," என்றாள். பேனா மூடியைத் தேடி, அது வாயிலேயே இருப்பதை உணர்ந்து எடுத்தாள். "அப்புறம் எனக்காக. நான் படிக்கிறதுக்குக் காத்திட்டிருக்கிற ஆளு உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான் ஐயா."

"பேத்தி இருக்காளே."

"அவ என்னைப் போன்ல பாத்தாலே அழறா."

"நேர்ல பாத்தாலும் ரெண்டு நாள் அழுவா. மூணாம் நாள் உன் பேனா மூடியக் கடிப்பா. போ. இப்பவே பையன்கிட்ட சொல்லு."

"போகட்டும் கிழவா," என்றாள் எர்மெலிந்தா. "ஆனா வலிக்காம ஊசி போடத் தெரிஞ்ச ஒருத்திய விட்டுட்டுப் போகச் சொல்லு."

மைகுவாலிதா தாழ்வாரத்துக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே மலை முழுவதும் மூடுபனி இறங்கியிருந்தது. "வில்மர், பாஸாயிட்டேன்ப்பா," என்றாள். எப்போது என்று அவன் கேட்டான். சொன்னாள். அவன், "குளிர் கோட்டு என்ன அளவும்மா?" என்று கேட்டான்.

அவள் திரும்பி வந்தபோது எவரிஸ்தோவின் எந்திரம் நான்கு மணி நேரம் முடிந்ததென்று கூவிக்கொண்டிருந்தது. ஊசியை உருவி, பஞ்சை வைத்தாள். இரத்தம் நிற்கும்வரை பஞ்சை அவரவரே அழுத்திக்கொள்வதுதான் வழக்கம். அவரும் கையை நீட்டினார். அவள் அந்தக் கையை மெல்ல விலக்கி, தன் இரண்டு விரலால் அழுத்தினாள். பத்து நிமிடம் போதும். பத்து நிமிடம் போனது. இரத்தம் எப்போதோ நின்றிருந்தது. கீழே நோயாளிகளை ஏற்றிப்போகும் வண்டி ஒலி எழுப்பியது, மறுபடியும் எழுப்பியது. அவள் விரலை எடுக்கவில்லை.