கலெக்டரின் வெல்வெட் பை

தண்டையார்பேட்டையில் ஷம்ஷாத்திடம் பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர்கள், வாசலில் நின்றபடியே அளவைச் சொல்லிவிட்டு நழுவ ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. உள்ளே வந்தால் கலெக்டர் கடிக்கும். கலெக்டர் என்பது அவள் வளர்க்கும் கிளி. மஞ்சளும் ஆரஞ்சுமான சன் கொன்யூர், வெளிநாட்டுச் சாதி. வாங்கிய ரசீதும் பதிவுச் சீட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. தையல் மெஷினும் அதைச் சுற்றி நாலடி இடமும் தன் ஜில்லா என்று அது முடிவு செய்திருந்தது. டேப்பை எடுக்க யார் கை நீட்டினாலும் ரத்தம் பார்த்துவிட்டுத்தான் விடும்.

ஷம்ஷாத்தும் லேசுப்பட்டவள் இல்லை. முப்பத்தொரு வயதில் கணவனை மஞ்சள் காமாலைக்குப் பறிகொடுத்தவள். நாற்பது நாள் கழிவதற்குள் மாமியார் வீட்டார் மூட்டையைக் கட்டச் சொன்னார்கள். கட்டினாள். ஆனால் தெருவே கேட்கக் கத்தினாள்; அவர்கள் சொன்ன ஊருக்குப் போகவில்லை. வளையலை விற்று மெஷின் வாங்கி, மளிகைக்கடை மாடியில் ஒற்றை அறையைப் பிடித்தாள். மகள் இஷ்ரத்தை நர்சுக்குப் படிக்க வைத்து எம்.கே.பி. நகரில் கட்டிக் கொடுத்தாள். கல்யாணம் முடிந்த மறுவாரமே இந்தக் கிளியை வாங்கினாள். “இந்த வயசுல உனக்கு கிளி கேக்குதா?” என்றாள் ஒரு நாத்தனார். “ஆமா, கேக்குது” என்றாள் ஷம்ஷாத்.

தையல்காரி வீட்டில் துணிக்கா பஞ்சம்? புர்கா தைத்து மிஞ்சிய கறுப்பு வெல்வெட்டில், உள்ளே பஞ்சு வைத்து ஒரு தூங்கும் பை தைத்துக் கூண்டுக்குள் தொங்கவிட்டாள். கலெக்டர் அதற்குள் புகுந்து தலையை மட்டும் நீட்டும். அந்த அழகைப் பார்த்து அவளுக்கு நெஞ்சே நிறைந்துவிடும். பிறகு அது கடிக்கத் தொடங்கியதும், பாவம், பை பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் பெரிதாக, இன்னும் மெத்தென்று ஒன்று தைத்தாள். கடி கூடியது. மூன்றாவது பைக்கு ஜரிகைகூட வைத்தாள்.

மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று பார்க்க வந்த வீட்டுக்காரர் வேதமாணிக்கம் மெஷின்மேல் கை ஊன்றினார். கீழே கடையும் அவருடையதுதான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகியும் பேச்சு மாறாதவர். கூண்டு திறந்திருந்தது. கலெக்டர் பாய்ந்து அவர் ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டது.

“வெரல பாத்தியளா? இது கிளியா, கடிநாயா? மாசம் முடியதுக்குள்ள ஒண்ணு அது போவணும், இல்ல நீங்க போவணும். சொல்லிட்டேன்!”

அன்று சாயங்காலமே காட்டுப்பள்ளியில் வெல்டர் வேலை பார்க்கும் தம்பி மொஹ்சின் வந்துவிட்டான். “அக்கா, பேஜாரு வேணாம். புளியந்தோப்புல தோஸ்து ஒருத்தன் எடுத்துக்குறேன்றான். குட்துட்டு நிம்மதியா இரு.”

“இன்னாத்துக்கு குடுக்கணும்? நான் வளத்தது, நான் பாத்துக்குறேன்.”

“அப்ப ரெக்கைய வெட்டு. ரெண்டு நாளு பட்னி போடு. தானா அடங்கும்.”

“உனுக்கு கோவம் வந்தப்போ நான் சோத்த நிறுத்துனனா? போடா அந்தாண்ட!”

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் அவளுக்குப் பயம். இருபத்திரண்டு வருஷம் வாடிக்கை பிடித்த அறை. அதை விட்டுக் கிளம்பினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிளியை விட்டாலோ, பேச்சுத் துணைக்கு அந்த அறையில் வேறு உயிர் கிடையாது.

அந்த வாரம் ஜரிகைப் பை எச்சம் பட்டு நாறியதால் துவைத்துப் போட்டாள். மழை பிடித்துக்கொண்டது. பை காய நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளில் கலெக்டர் ஒரே ஒரு முறைதான் கடித்தது. காய்ந்ததும் திரும்பத் தொங்கவிட்டாள். மறுநாள் காலை மூன்று கடி.

ஷம்ஷாத் கத்தரியைக் கீழே வைத்தாள். இருட்டான பொந்து, பஞ்சு, இதமான சூடு. பறவைக்கு அது கூடு. முட்டை வைக்கிற இடம். பக்கத்தில் யார் வந்தாலும் அடித்து விரட்டத்தானே பார்க்கும்? ஊரெல்லாம் கிளியைத் திட்டியது; கிளிக்கு வெறியேற்றியதோ தன்னுடைய ஊசி. ஒன்றல்ல, மூன்று தடவை. வெட்கமாக இருந்தது. மூன்று பைகளையும் பிரித்துக் கால்மிதியாகத் தைத்துப் போட்டாள்.

கூண்டை மெஷின் பக்கத்திலிருந்து தூக்கி எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். ராத்திரித் தையலைப் பகலுக்குத் தள்ளி, சாயங்காலம் ஏழு மணிக்கே விளக்கை அணைத்தாள். பகல் நீண்டால் கிளிக்குக் கூடு கட்டும் நினைப்பு நீளும் என்று பறவைக் கடைக்காரர் சொன்னார். கையை நீட்டாமல் குச்சியை நீட்டினாள். ஏறினால் ஒரு சூரியகாந்தி விதை. கடித்தால் அலறவும் இல்லை, அடிக்கவும் இல்லை. இறக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதல் வாரம் விரலில் நாலு பிளாஸ்திரி. ஒவ்வொன்றும் வலித்தது. அவள் விடவில்லை.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வேதமாணிக்கம் கிளியைக் கொண்டுபோகக் காலி பிஸ்கட் அட்டைப்பெட்டியோடு மாடி ஏறினார். பின்னாலேயே மொஹ்சினும் வந்தான்.

“அண்ணாச்சி, அன்னைக்கி வெச்சா மாரியே மெசினு மேல கை வெய்யுங்க” என்றாள் ஷம்ஷாத்.

“என்னம்மா, வெளையாடுதியளா?”

“வெய்யுங்க. கட்ச்சிச்சின்னா நானே பொட்டில போட்டு குடுக்கறேன்.”

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மெஷின்மேல் கை வைத்தார். திறந்திருந்த கூண்டின் மேல் உட்கார்ந்திருந்த கலெக்டர் சிறகை விரித்து, தெருவே கேட்கும்படி கத்தித் தீர்த்தது. ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. வேதமாணிக்கம் பத்து எண்ணும் நேரம் நின்றுவிட்டுக் கையை எடுத்தார்.

“கடிக்கல, சரி. ஆனா இந்தச் சத்தம் ஆவாதும்மா. வாயையும் அடக்கப் பழக்கிருங்க.”

“அக்கா, சரின்னு சொல்லிடு” என்று மொஹ்சின் கிசுகிசுத்தான்.

ஷம்ஷாத் பெட்டியை எடுத்து வேதமாணிக்கத்தின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“கடிக்கறது தப்பு, அத்த நிறுத்திட்டேன். கத்தறது தப்பில்ல அண்ணாச்சி. கத்தாம இருந்திருந்தா இந்நேரம் நானே இந்த ஊர்ல இருந்திருக்க மாட்டேன்.”

கலெக்டர் இன்னொரு தடவை கத்தியது. வேதமாணிக்கம் பெட்டியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.