பங்கருக்கு வெளியே ஒரு தாலி, உள்ளே ஒரு தாலி

போன புதன்கிழமை என் மானம் போனது. வாங்கியவர் மேல் மாடி ஃபிளாட் மனோ அக்கா!

கொழும்பு வெள்ளவத்தையில் பின்னேரங்களில் நான் ஆங்கில இலக்கியம் படிப்பிப்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருடப் பாடம், நம் பக்கத்து எழுத்தாளர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "எது உண்மை, சேர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "அப்படிக் கேட்கவே கூடாது. இதுதான் பின்நவீனத்துவம்!" என்று பெரிய எடுப்பில் சொல்லுவேன்.

மனோ அக்காவின் கணவர் கனடா போய் ஆறு வருடம். இப்போதுதான் அக்காவை ஸ்பொன்சர் செய்திருக்கிறார். எம்பசியில் இன்டர்வியூ... கல்யாணம் உண்மைதானா என்று துருவுவார்களாம். இருவர் கதையும் ஒத்துப்போக வேண்டாமா? "கொஞ்சம் சொல்லித் தாங்கோ மாஸ்டர்" என்று வந்தார்.

ஃபோர்மில் எழுதியதைக் கணவர் கடிதத்திலும் அனுப்பியிருந்தார். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கல்யாணம், மேலே சுட்டுக்கொண்டு ஹெலி. கோயிலில் தாலி கட்டிவிட்டுத்தான் பதுங்க பங்கருக்குள் ஓடினோம் என்று.

"பச்சைப் பொய்! பங்கருக்குள்ள வச்சுத்தான் கட்டினவர். முதல் பாய்ஞ்சது ஐயர். இவர் ரெண்டாவது!"

"ஐயோ அக்கா, அவர் எழுதினதையே சொல்லுங்கோ. ஒரு கதைதான் இருக்கவேணும்."

சொன்னது யார்? பின்நவீனத்துவ மாஸ்டர்!

"ஆறு வருசமா ஃபோனில இதுக்குத்தான் சண்டை பிடிக்கிறம். இப்ப நான் தோக்கோணுமோ?" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. விசா இல்லையென்றால் இன்னும் எத்தனை வருடம்? எனக்கும் பயம். பத்துத் தரம் பாடமாக்கினோம்.

புதன் பின்னேரம் எம்பசியிலிருந்து நேரே என்னிடம் வந்தார்.

"வாய் தவறிப் பங்கர் எண்டு சொல்லிப்போட்டன் மாஸ்டர்."

 ஆனால் அதிகாரி ஃபோர்மைப் புரட்டிவிட்டுச் சிரித்தாராம். அதன் கடைசியில், கடிதத்தில் இல்லாத ஒரு வரி இருந்திருக்கிறது: ‘என் மனைவி பங்கருக்குள் என்றுதான் சொல்லுவாள். தயவுசெய்து அவளோடு வாதாட வேண்டாம்.’

விசா சரி! அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

"பாத்தீங்களே மாஸ்டர், மனுசன் என்னை எப்படித் தெரிஞ்சு வச்சிருக்கு!"

எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்?

எது உண்மை என்று நான் கேட்கவில்லை. அந்த ஐயரை எங்காவது கண்டால் கேட்கலாம்தான்... ஆனால் அவரிடம் மூன்றாவது கதை இருக்கும்!