அப்பாவுக்கு வராத வசனம்

ஏழாம் வகுப்பில் நான் பிடித்த அடத்தைச் சொல்லிச் சொல்லி வீட்டில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். ஆண்டு விழா நாடகத்தில் எனக்குக் கதாநாயகியை வளர்த்த கிழவி வேடம். நாலே வரி. ஆனால் எல்லோருடைய வசனமும் எனக்கு மனப்பாடம். ஏதோ வெளிநாட்டுப் பழைய சோக நாடகம், டீச்சர் தமிழில் எழுதியிருந்தார். ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு குடும்பங்கள். பெண்ணும் பையனும் ஒருத்தர்மேல் ஒருத்தர் உயிரை வைத்து, கடைசியில் செத்தே போவார்கள். பெரியவர்கள் அதற்கப்புறம்தான் ராசியாவார்கள். செத்த பிறகு சேர்ந்து இன்னா பிரயோஜனம் என்று கேட்டாள் அம்மா, பூண்டு உரித்துக்கொண்டே.

ஒத்திகைக்கு ஆள் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சும் சாப்பாடும் முடிந்து அப்பா பாயை விரிக்கப் போனபோது பிடித்துக்கொண்டேன். நாடகத்து மகள் அக்கா. நாடகத்து அப்பா எங்கள் அப்பாவேதான். ஆம்பூரில் தோல் கம்பெனியில், தோலைப் போட்டு உருட்டுகிற பெரிய டிரம் ஓட்டுகிறவர். அந்த இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. இதைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைக்கும்?

அக்கா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். நாட்றம்பள்ளி அத்தை மகனுக்கு அவளைக் கொடுப்பதாக முந்தின வாரம்தான் பேசி முடித்திருந்தார்கள். அவளை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அப்பா பேசி முடித்த கல்யாணம் வேண்டாம் என்பாள் மகள், அப்பா ஏன் என்று சீறுவார். அதுதான் காட்சி. அக்கா சொன்னபோது குரல் நடுங்கியது. நான் சொல்லிக்கொடுத்த லட்சணம் என்று எனக்கு ஒரே பெருமை. அப்பாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டி, ஏன் என்று முழங்கினார். அப்புறம்தான் வம்பு. அக்கா தன் பேப்பரை மடியில் கவிழ்த்துவிட்டாள்.

"கம்பெனில தோல் வெட்டுற கட்டிங்ல ஒருத்தர் இருக்காருப்பா. ஊரு ஆலங்காயம். நம்ம ஆளுங்க இல்ல. கட்டுனா அவரைத்தான் கட்டுவேன்."

எனக்கு வந்ததே கோபம். நாடகத்தில் ஆலங்காயம் எங்கே வருகிறது? தப்புத் தப்பாகப் பேசாதே, ஒழுங்காக மறுபடி சொல் என்று அதட்டினேன். அவளும் சொன்னாள். அதே ஆலங்காயம், அதே வார்த்தைகள், ஆனால் இந்த முறை நடுக்கமில்லை. அம்மா பூண்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

அடுத்தது அப்பாவின் வசனம். என் வீட்டை விட்டுப் போ, தெருவில் பிச்சையெடு, இனிமேல் நீ என் மகளே இல்லை என்று கத்த வேண்டும். அதை அவர் மனசுக்குள் படிப்பது உதட்டில் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பரவாயில்லை, நடிப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். வாய்தான் திறக்கவில்லை. அக்கா கண்ணெடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லுப்பா என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சொல்ல மாட்டேன். பெத்தவன் பேசற பேச்சா இது?"

பேப்பரை என் கையில் திணித்தார். நான் காலை உதைத்து அழுதேன். கண்டுகொள்ளவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கோபம் கொஞ்சமும் குறையாத குரலில் அக்காவிடம் கேட்டார்.

"உக்காரு. யாரு பையன், இன்னா குடும்பம், எல்லாத்தையும் சொல்லு."

அதுவும் வசனத்தில் இல்லை. சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னை வாசலுக்குத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். அக்கா ஆலங்காயத்துக்கே வாழப் போனதும், அத்தை இன்றுவரை எங்கள் வாசப்படி மிதிக்காததும் பிறகு நடந்தவை.

மறுநாள் காலை மணி அடிக்குமுன்பே டீச்சரிடம் ஓடினேன். ஆத்திரம் அடங்கவில்லை.

"எங்கப்பாவுக்கு ஒண்ணுமே வரல மிஸ். அப்பா வேஷத்துக்கு அவர் லாயக்கே இல்ல."