இடுப்பு என்று சொன்ன வலி

அல்லாஹ் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் என் நெஞ்சு ஆறாது. சகோதரிகளே, கொஞ்சம் காது கொடுங்கள்.

நான் சபீனா, பாலக்கோட்டுக்காரி. வயது இருபத்தொன்று. தருமபுரியில் ஒரு ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறேன். கடையில் எனக்கு வாயாடி என்று பெயர். அந்த வாயாடிதான் இரண்டு வருஷம் ஒரே ஒரு இடத்தின் பெயரை வெளியே சொல்லாமல் ஊமையாகக் கிடந்தேன்.

ஒரு ரமலான் மாதம் வலி தொடங்கியது. வலது தொடையும் அடிவயிறும் சேருகிற மடிப்பில், உள்ளே ஆழத்தில் குத்தும். பஸ் படி ஏறினால் உயிர் போகும். தொழுகையில் உட்கார்ந்து எழும்போது கண்ணில் நீர் முட்டும். கடைசியில் நாற்காலி போட்டுத் தொழுதேன். இந்த வயதில் நாற்காலி! அதற்கே அழுதேன்.

அம்மாவிடம் கை வைத்துக் காட்டினேன். அம்மா பதறிப்போனார். வயசுப் பெண் ஆம்பளை டாக்டர் முன்னால் அங்கே கை வைத்துக் காட்டுவதா? இடுப்பு வலி என்று மட்டும் சொல், போதும் என்றார். அப்படியே சொன்னேன். எங்கள் ஊரில் இடுப்பு வலி என்றால் முதுகுக்குக் கீழே வலி. டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் சொன்னதை வைத்துத்தானே பார்ப்பார்கள்? முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை என்று வந்தது. பெல்ட் கட்டினேன், தைலம் தேய்த்தேன். வலி அசையவே இல்லை.

பிறகு வீட்டில் பேச்சு மாறியது. மாப்பிள்ளை பார்ப்பதைத் தட்டிக்கழிக்க இவள் நடிக்கிறாளோ என்று, என்னைப் பெற்ற அத்தாவே கேட்டுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தை அல்லாஹ்விடம்தான் கொட்டினேன். வலியை எடுக்காவிட்டாலும் போகட்டும், நான் பொய் சொல்லவில்லை என்று இவர்களுக்குத் தெரிய வை. ஐந்து வேளையும் இதே துஆ.

சென்ற வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்பு டாக்டர் பழைய ரிப்போர்ட்டை எல்லாம் பார்த்தார். முதுகில் ஒன்றும் இல்லை, மனநல டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள் என்று தன்மையாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது அம்மா பேசினார்.

“சார், இடுப்பு இல்லீங்க. தொடை இடுக்குலங்க. நான்தாங்க வெக்கப்பட்டுகிட்டு இடுப்புன்னு சொல்லச் சொன்னேன். எம் பொண்ணு பொய் சொல்லலீங்க.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் அல்லாஹ்விடம் கேட்டது அப்படியே அம்மா வாயில் வந்தது.

டாக்டர் எழுந்து நர்ஸைக் கூப்பிட்டார். என்னைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, பாதங்களை வெளிப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். தாராளமாகச் சாய்ந்தன. உள்பக்கம் கொண்டுவந்தால் கொஞ்சத்திலேயே நின்றுவிட்டன. நடக்கச் சொன்னார். என் கால்விரல்கள் உள்பக்கம் திரும்பியிருப்பதைக் காட்டினார். சின்ன வயதில் எப்படி உட்காருவாள் என்று கேட்டார். சம்மணம் போடவே மாட்டாள், இரண்டு காலையும் பக்கத்துக்கு ஒன்றாக மடித்துத்தான் உட்காருவாள், அதற்கு அடித்துக்கூட இருக்கிறேன் என்று அம்மா அழுதார்.

தொடை எலும்பு போய்ச் சேருகிற இடுப்பு மூட்டையும் முழங்காலையும் சேர்த்து சிடி ஸ்கேன் எடுத்து, தொடை எலும்பு எவ்வளவு முறுகியிருக்கிறது என்று அளந்தார்கள். பிறவியிலேயே அளவுக்கு மீறிய முறுக்கு, அதனால்தான் மூட்டு நோகிறது, முதுகைப் படம் எடுத்தால் இது தெரியாது என்று டாக்டர் விளக்கினார். அல்ஹம்துலில்லாஹ்! நோய் இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இப்படிப்பட்ட எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாதாம். எனக்குத் தேவைப்பட்டது. எலும்பை வெட்டித் திருப்பி பிளேட் வைத்தார்கள். வாக்கரில் முதல் அடி வைத்த அன்று அத்தா என் முன்னால் நின்று, “அத்தாவ மன்னிச்சிரும்மா” என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

மாதங்கள் ஆயின. டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு தரையில் நெற்றி வைத்தேன். எழ மனசே வரவில்லை. வலித்ததால் அல்ல.

சகோதரிகளே, நம்பிக்கையோடு கேளுங்கள், அவன் கொடுப்பான். டாக்டரிடம் போனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வீட்டில் ஒரு பெண் வலிக்கிறது என்றால் முதலில் அவளை நம்புங்கள். அல்லாஹ் என் வலியை எடுப்பதற்கு முன்னால் என் அம்மாவின் வெட்கத்தைத்தான் எடுத்தான்.