குண்டு படாத பட்டாளக்காரர்

தம்பானூரில் மூன்று மாடி லாட்ஜ், அதற்குக் கீழே சாப்பாட்டுக் கடை, வலியசாலையில் சொந்த வீடு, கல்லாற்றில் பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் நின்று டீ குடிக்க ஒரு கடை. இவ்வளவையும் கட்டியவன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். டீக்கடையில் தம்ளர் கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் புண்ணாகிப் போனவன். பேங்க்காரன் உட்காரக்கூடச் சொல்லாத காலத்தில் கட்டினேன். பெருமைதான் பேசுகிறேன், இருந்துவிட்டுப் போகட்டும். கேட்கிற நீங்கள் நம்ம ஆள்தானே.

போன வாரம் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். மலையாளி, ஓய்வுபெற்ற அதிகாரி. என்னிடம் மட்டும் தமிழ் பேசிப் பார்ப்பார். பட்டாளத்தில் உயிர்விட்டவர்களுக்குத் தெருமுனையில் கல் வைக்கப் போகிறார்களாம்.

“அண்ணாச்சியோட அச்சனும் பட்டாளத்தில் ஆயிருந்ததல்லே? எவிடே வச்சாக்கும் குண்டு பட்டது?”

என் அப்பாவுக்கு எந்த இடத்தில் குண்டு பட்டது என்று கேட்கிறார். வாசலில், கரண்ட் கம்பியில் உரசுகிறதென்று வேப்பங்கிளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சைக் கசப்பு மூக்கில் ஏறியதும் நான் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஓலைக் குடிசைக்குப் போய்விட்டேன்.

எனக்குப் பால்பல் ஆடிக்கொண்டிருந்த வயது. அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து அந்தக் கடைத்தெருவில் மூட்டை சுமக்க வந்தவர். உலக யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது சேர்ந்து, கப்பலேறி எகிப்துக்குப் போனார். அங்கே பயிற்சி முடிவதற்குள் வைசூரி, அதாவது பெரியம்மை, கண்டு இறந்துபோனார். எதிரியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தந்தி வந்த அன்று அம்மா “அய்யோ” என்று தொடங்கினாள். அப்பாவின் அக்கா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

“ஏட்டி, சத்தம் காட்டாத! அம்மை எடுத்துட்டுப் போனவனுக்கு அழப்பிடாது. அவளுக்குக் கோவம் வந்தா, மிச்சமிருக்க ஒத்தப் பயலையும் கேட்டுப்புடுவா.”

அம்மா என்னைப் பார்த்தாள். முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. கடலுக்கு அப்பால் செத்தவருக்கு இங்கே எங்கள் வாசலில் வேப்பிலை செருகினார்கள். ஒப்பாரி கிடையாது. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட மழையைப் பற்றிப் பேசிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

தெருப் பையன்கள் விடுவார்களா? “லேய், ஒங்கப்பன் ஜெர்மன்காரனையா சுட்டான்? சொறிஞ்சில்லா செத்தான்!”

சண்டை போட்டு, உதடு கிழிந்து வந்து அம்மாவிடம் கேட்டேன்: “அவரு ஏன் குண்டு பட்டுச் சாவல்ல?”

கூலிக்குப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “குண்டு பட்டிருந்தா நான் வாய்விட்டு அழுதிருப்பேம்லா மக்கா.”

அப்புறம் நான் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. லாட்ஜ் முதலாளியான பிறகு யாராவது விசாரித்தால், “மிலிட்டரியில் போயிட்டார்” என்று முடித்து, சாப்பாடு எப்படி இருந்தது என்று பேச்சை மாற்றிவிடுவேன். எவ்வளவு உயரம் கட்டினாலும் அந்தக் கூச்சம் கூடவே படியேறி வந்தது.

செயலாளரிடம் கடைசியில் உள்ளதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது சாரமில்ல, பரவாயில்ல அண்ணாச்சி. வீரமரணம்னு போட்டுக்கலாம். இனி ஆரு கேக்கப் போறா?”

வாஸ்தவம்தான், ஆரும் இல்லை. அந்தக் குடிசை வரிசை இல்லை. அப்பாவின் அக்கா இல்லை. வைசூரியே உலகத்தில் இல்லை, இன்றைய டாக்டர்கள் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். அம்மாவும் போய்விட்டாள், அந்த அழுகையை உள்ளேயே வைத்துக்கொண்டு.

ஆகவே சங்கத்தாருக்குச் சொல்கிறேன். ‘எகிப்தில் பயிற்சியின்போது வைசூரி கண்டு இறந்தார்’ என்றே கல்லில் வெட்டுங்கள். அதன் கீழே என் பெயரும் வர வேண்டும். நன்கொடையாளன் என்று வேண்டாம். எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்றுதான் அவருக்காக ஒரு சத்தம்கூட எழவில்லை. அவரை யாரும் அழாமல் விட்டதில் என் பங்கும் உண்டு. ‘அழாமல் விட்ட மகன்’ என்று போடுங்கள்.